முக்காடு போட்ட வெட்டுக்கிளி

அமிர்தத்தின் கையைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்கள். உள்ளங்கை இரண்டும் கறுத்துப்போய், விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். காடாம்புலியூரில் கூலிவேலைக் குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவள் அவள். சுட்ட கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்திக் கட்டையால் ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஓடு பிளந்துவிட வேண்டும், உள்ளே இருக்கிற பருப்பு முழுசாக வர வேண்டும். கொட்டையின் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். முகத்தில் தெறிக்கக்கூடாது என்று அங்கே எல்லாப் பெண்களும் பழைய துண்டை முக்காடாகப் போட்டுக் கழுத்தும் தோளும் மூடும்படி தொங்கவிட்டுக்கொள்வார்கள். அந்த முக்காட்டை மறந்துவிடாதீர்கள், இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

வேணுவுக்கு வாழ்க்கைப்பட்டு நெய்வேலிக்கு வந்தாள். அவன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளுகிற வேலை. சுரங்கக் கம்பெனி நகரியத்தின் ஓரத்தில், குவார்ட்டர்ஸ் வீடுகள் முடிந்துபோகிற இடத்தில், தகரம் போட்ட வாடகை வீடு. அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. பெருக்கித் துடைக்கத்தான் அமிர்தம் அங்கே சேர்ந்தாள். ஒருநாள் விலங்கியல் ஆய்வகத்தில் தட்டாம்பூச்சி ஒன்று ஊசியிலிருந்து கழன்று விழுந்து கிடந்தது. எல்லோரும் தொட்டால் நொறுங்கும் என்று ஒதுங்கி நிற்க, இவள் குனிந்து இரண்டு விரலால் எடுத்து, இறக்கை கசங்காமல் பெட்டியில் வைத்தாள். முழுப் பருப்பு எடுத்துப் பழகிய கை அல்லவா! மறுவாரமே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு ஆய்வகச் சாவியைக் கொடுத்தார்கள்.

சாவிதான் கொடுத்தார்கள், வேலையை நிரந்தரம் ஆக்கவில்லை. ஒன்பது வருஷம் காண்ட்ராக்டாகவே ஓடிற்று. ஒவ்வொரு ஜூன் மாதமும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஜூன் வரைக்கும் அதே நினைப்பாக இருப்பாள். வேணுவின் வேலையும் காண்ட்ராக்ட். வீட்டில் இரண்டு பேரில் ஒருவருக்காவது அசையாத வேலை வேண்டும் என்பது அவளுக்குள் முள்ளாகவே இருந்தது.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் படுத்துவிட்டன. நகரியத்தில் சாலைக்குச் சாலை மரம் கிடந்தது. கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தின் ஜன்னல் பெயர்ந்து, பூச்சிப் பெட்டிகள் இருந்த அலமாரி முகம் குப்புற விழுந்தது. வழி திறந்து அமிர்தம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் பூச்சிகள் காலும் இறக்கையுமாகப் பிய்ந்து மிதந்துகொண்டிருந்தன. பாச்சை உருண்டைகள் மட்டும் அப்படியே வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவள் அழவில்லை. தட்டுத் தட்டாக அள்ளிக் காயவைத்தாள்.

துறையில் நந்தினி என்று ஒரு மேடம். முப்பது வயது, நல்லவர், எப்போதும் அவசரம். அவர் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அமிர்தம்க்கா, ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. வர்ற ஜூன்ல ஒரு அட்டெண்டரை பெர்மனென்ட் பண்றாங்க. ஒண்ணு நீங்க, இல்ல கெமிஸ்ட்ரி கலியமூர்த்தி. மார்ச்ல பிராக்டிகல் எக்ஸாம் எந்தக் கம்ப்ளெயின்ட்டும் இல்லாம முடியணும். வெளியிலிருந்து வர்ற எக்ஸாமினர் ஒரு வரி எழுதிட்டாருன்னா அவ்வளவுதான்."

"பூச்சியே இல்லையேங்க மேடம்?"

"புதுசு வாங்க நேரம் இல்ல. இருக்கறத ஒட்டுங்க. உங்களால முடியும்."

அன்றிலிருந்து அமிர்தத்துக்கு அதே வேலைதான். டப்பாவில் ஈரமணல் போட்டு, விறைத்த பூச்சிகளை ஒருநாள் முழுக்க மூடி வைத்து இளக்குவாள். பிறகு எந்தக் கால் எந்தப் பூச்சிக்கு என்று ஜோடி சேர்ப்பாள். ஆபீஸில் வாங்கிய பசை ஈரக்காற்றில் நிற்கவில்லை. பிறந்த வீட்டில் குச்சியில் சுற்றி வைத்திருந்த பலாப்பிசினைக் கேட்டு வாங்கி வந்து, ஊசிமுனையில் தொட்டு விளக்கில் காட்டி இளக்கி ஒட்டினாள். ஓட்டைக் குடத்தையே அடைக்கிற பிசின், வெட்டுக்கிளிக் காலை விட்டுவிடுமா?

கரப்பானும் வண்டும் ஒழுங்காக அமைந்தன. அந்தப் பெரிய வெட்டுக்கிளிதான் படுத்திற்று. தலையும், தலைக்குப் பின்னால் கழுத்தை மூடித் தொங்கும் கெட்டியான மூடியும் சேர்ந்து ஒரு துண்டு. இறக்கையோடு உடம்பு ஒரு துண்டு. கால்கள் ஆறும் தனித்தனியாக.

பாடம் அவளுக்குத் தெரியாதது அல்ல. ஒன்பது வருஷமாகத் தட்டை ஏந்திக்கொண்டு வகுப்பின் மூலையில் நின்று கேட்டது. பூச்சிக்குத் தலை பார்க்கவும் தின்னவும், வயிறு செரிக்கவும் முட்டையிடவும், நடுவில் இருக்கிற மார்பு ஒன்றுதான் நடக்கவும் பறக்கவும். காலை அசைக்கிற தசை, இறக்கையை அசைக்கிற தசை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளே அடைத்துக் கிடக்கும். ஈ இறக்கையைப் பிடித்து இழுப்பதே இல்லையாம். பெட்டியின் மேல்மூடியை உள்ளிருந்து இழுத்து அமுக்கினால் இறக்கை மேலே போகும், மூடி பழையபடி உப்பினால் கீழே வரும். இதைக் கேட்ட அன்று அமிர்தம் வீட்டில் தகர டப்பா மூடியை டொக் டொக் என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பில் மூன்று வளையம், வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். இதுவும் மனப்பாடம்.

அந்த மூன்றை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் வந்தது வினை. தலையோடு சேர்ந்து உடைந்திருந்த மூடியை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்திரிக் கொட்டகைப் பெண்கள் கழுத்துவரை தொங்கவிடுகிற முக்காடு மாதிரியே இருந்தது. முக்காடு தலையைச் சேர்ந்ததுதானே? அதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வளையத்தில் முதல் ஜோடிக் காலை ஒட்டினாள். அதற்கடுத்ததில் இரண்டாம் ஜோடி. மூன்றாவது வளையத்தில், தாண்டுகிற பெரிய கால்கள். முக்காட்டுக்கு அடியில் இரண்டு குழிகள் இருந்தன. பூச்சி அரித்த ஓட்டை என்று நினைத்துப் பிசின் வைத்து அழகாக அடைத்துவிட்டாள். பெட்டியில் குத்தி நிறுத்தியபோது அதுதான் எல்லாவற்றையும்விடக் கம்பீரமாக இருந்தது. நந்தினி மேடம் வாசலில் நின்றே பார்த்து, "சூப்பர்க்கா!" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினார்.

தேர்வு நாள் காலையில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள் அமிர்தம். ஷிஃப்ட் முடித்து வந்த வேணு கால் கழுவிக்கொண்டே கேட்டான்.

"ஏ புள்ள, பரீட்ச உனக்கா அந்தப் பொண்ணுங்களுக்கா?"

"எனக்குந்தான்யா. ஒரு கால் கழண்டு வுழுந்துதுன்னா ஒம்போது வருசம் போச்சி."

"நீ ஒட்டனா கழலுமா? எங்க பெல்ட்டுகூட அவ்ளோ கெட்டியா ஒட்டல. தின்னுட்டுப் போ."

"நீ தின்னு. எனக்கு நேரமாவுது."

வெளித் தேர்வாளர் சோமசுந்தரம் வேறு மாவட்டத்துக்காரர். தலை நரைத்தவர், அதிகம் பேசமாட்டார். மேசைகளை இரண்டுமுறை சுற்றி வந்தார். அவர் ஒவ்வொரு பெட்டியையும் தாண்டும்போது அமிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் நம்பர், வெட்டுக்கிளி. முந்தின நாள் நந்தினி மேடம் சொன்னபடி, கால் இருக்கிற மூன்று வளையத்துக்கும் சின்னக் காகிதக் கொடி குத்தி வைத்திருந்தாள். கொடி குத்திய வளையத்தின் பெயர் என்ன, அதன் வேலை என்ன என்பது கேள்வி. மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். காலை பேட்ச் முடிந்தது. எந்தக் காலும் விழவில்லை. சோமசுந்தரம் தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். பிற்பகல் பேட்ச் இரண்டு மணிக்கு.

அமிர்தம் ஆய்வகத்துக்குப் பின்னால் வந்து, புயலில் சாய்ந்து கிடந்த முந்திரி மரத்தின்மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் முழு மூச்சு வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பெண் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டிருந்தாள். மணிமொழி. காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண், நன்றாகப் படிக்கிறவள்.

"ஏம்மா அழுவற?"

"அஞ்சாம் நம்பர்க்கா. அடிச்சி அடிச்சி எழுதினேன். மணி அடிச்சிட்டாங்க."

"வெட்டுக்கிளிக்கா இப்பிடி? உனக்குத் தெரியாததா?"

"தெரியும்க்கா! முன்மார்புல எறக்கையே கெடையாது. கால் மட்டுந்தான். நடுமார்புலயும் பின்மார்புலயுந்தான் எறக்க. இதுல மொதக் கொடி குத்தன எடத்துல காலும் இருக்குது, எறக்கையும் இருக்குது. மூணாங் கொடியில எறக்கையே காணும். கால வெச்சி எழுதறதா, எறக்கைய வெச்சி எழுதறதா? ஆறாம் நம்பருக்குப் போயும் அதே நெனப்புக்கா. அதையும் கோட்ட வுட்டுட்டேன்."

முன்மார்பில் இறக்கை கிடையாது. அமிர்தமும் ஒன்பது வருஷமாகக் கேட்ட வரிதான். கை கேட்டிருக்கவில்லை.

சாய்ந்த மரம் என்றாலும் ஒரு பக்கம் வேர் மண்ணில் இருந்ததால் தளிர் விட்டிருந்தது. அந்தத் தளிரில் உயிருள்ள வெட்டுக்கிளி ஒன்று, இவர்களைப் பொருட்படுத்தாமல் தின்றுகொண்டிருந்தது. இந்தச் சமயத்தில் அது அங்கே இருக்கும் என்று யார் கண்டது! புயலுக்குப் பிறகு அந்தத் தளிரெல்லாம் அவற்றின் ராஜ்ஜியம்தான். அமிர்தம் முழங்காலிட்டு முகத்தை அருகே கொண்டுபோனாள். முக்காட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடிக் கால் வந்தது. சின்னக் கால், தளிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. முக்காடு தலையைச் சேர்ந்தது இல்லை. அதுதான் முதல் வளையம். பிசின் வைத்து அடைத்த அந்த இரண்டு குழிகள் அவள் கண்முன்னால் வந்து நின்றன.

பெரிய கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இறக்கைக்கு நேர் கீழே, மார்புப் பெட்டியின் கடைசியில். அதற்குப் பின்னால் வயிறு. வயிறு ஓயாமல் உப்பியும் வற்றியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, கொல்லன் துருத்தி மாதிரி. மார்பு மட்டும் இறுகி அப்படியே இருந்தது. அதனால்தான் காலை அங்கே வைத்திருக்கிறது. ஏறி இறங்குகிற வயிற்றில் காலை நட்டால், உதைக்கிற உதையில் வயிறுதான் மடங்கும், பூச்சி தாண்டாது. தான் நட்டு வைத்தது அந்த வயிற்றில்.

"அக்கா, என்னக்கா ஆச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. நீ படிச்சது சரி. போய்ச் சாப்புடு."

மணிமொழி போனபிறகு அமிர்தம் அந்த இடத்திலேயே நின்றாள். மணி ஒன்று இருபது. யாருக்கும் தெரியாது. நந்தினி மேடம் கவனிக்கவில்லை, வந்தவரும் கவனிக்கவில்லை. பெட்டியைத் தட்டிவிட்டு, கைதவறிவிட்டது என்று சொன்னால் பிற்பகலுக்குக் கரப்பானை வைத்துவிடுவார்கள். ஒரு வார்த்தை வராது. காலையில் எழுதிய பெண்கள்? அவர்களுக்கு என்ன, ஒன்றிரண்டு மார்க்தான். அந்த ஒன்றிரண்டுக்காகத் தன் ஒன்பது வருஷமா? இப்படியெல்லாம் மனசு வக்கீல் மாதிரி பேசிற்று. ஆனால் படித்ததைச் சரியாகப் படித்துவிட்டு, அதனாலேயே ஒருத்தி அழுதுகொண்டு போகிறாள். அதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சரியாக உட்காரவில்லை. கை தானாகவே முந்தானையால் வெட்டுக்கிளியை மூடிப் பிடித்துவிட்டது. அதைக் காலிப் பாட்டிலில் போட்டுக்கொண்டு, உள்ளே போய்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஆசிரியர் அறைக்கு நடந்தாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நந்தினி மேடம் பெட்டியைப் பார்த்ததும் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"அப்புறம் பேசலாம், அமிர்தம்க்கா. சார் சாப்பிடறாரு."

"இப்பவே பேசணுங்க மேடம். ரெண்டு மணிக்கு அடுத்த பேட்ச்."

"அக்கா, நான் சொல்றேன் இல்ல?"

"நீங்க சொல்றது என் நல்லதுக்குத்தாங்க. ஆனாலும் நான் போவலைங்க."

சோமசுந்தரம் தலை நிமிர்ந்தார். "என்னம்மா?"

"அஞ்சாம் நம்பர் தப்புங்க சார். நாந்தான் ஒட்டனேன். ஒரு வளையம் தள்ளி ஒட்டிட்டேன். மேடத்துக்குத் தெரியாதுங்க."

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதலில் பாட்டிலைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் பாட்டில்.

"காலையில ரெண்டு தடவ இதைத் தாண்டிப் போனேன்," என்றார் கடைசியில். "இருபத்தாறு வருஷமா பூச்சி சொல்லிக் கொடுக்கிறேன். நீங்க ஏம்மா இப்படி ஒட்டினீங்க?"

"அந்த மூடிய முக்காடுன்னு நெனச்சிட்டேங்க. தலையோடதுன்னு."

"முக்காடா?" அவர் சிரிப்பாரோ என்று பார்த்தாள், சிரிக்கவில்லை. ஒரு காலை மெல்லப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "எதால ஒட்டினீங்க?"

"பலாப்பிசின்ங்க."

"எங்க பல்கலைக்கழகத்துல வாங்கற பசையைவிட நல்லாப் புடிச்சிருக்கு. தப்பான எடத்துல."

பிறகு ஆக வேண்டியதைச் சொன்னார். காலை பேட்ச்சில் ஐந்தாம் கேள்விக்குக் கால்களை வைத்து எழுதியவர்களுக்கும் மார்க், இறக்கையை வைத்து எழுதியவர்களுக்கும் மார்க். அடித்து அடித்து எழுதியவர்களின் தாளை அவரே உட்கார்ந்து படிப்பார். பிற்பகலுக்குப் பாட்டிலில் இருப்பதையே வைக்கலாம், கொடி வேண்டாம், பார்த்து எழுதட்டும். நந்தினி மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், ரிப்போர்ட்ல இது…?"

"எழுதாம முடியாதும்மா. மார்க் மாத்தறேன், காரணம் எழுதணும்." அமிர்தத்தின் பக்கம் திரும்பி, "தானா வந்து சொன்னாங்கன்னும் எழுதறேன்," என்றார்.

அந்த இரண்டாவது வரி ஆபீஸில் யார் கண்ணில் படும் என்று அமிர்தத்துக்கு நம்பிக்கை இல்லை. பிற்பகல் முழுக்க ஐந்தாம் மேசை அருகே நின்று, பாட்டிலுக்குள் அது செத்துவிடக்கூடாதே என்று அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுவில் ஒருமுறை எம்பி மூடியில் முட்டியதில் ஒரு பெண் "ஐயோ!" என்று பேனாவைப் போட்டாள். தேர்வு முடிந்ததும் அதை அதே தளிரில் கொண்டுபோய் விட்டாள். நன்றி என்று திரும்பிப் பார்க்கவா போகிறது? ஒரே தாண்டு.

வேணுவிடம் சொன்னபோது அவன் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, "வாய மூடிகினு இருந்திருக்கலாம்," என்றான்.

"இருந்திருக்கலாம். இருக்க முடியல."

"எங்க சுரங்கத்து மெஷினா இருந்தா அன்னிக்கே சாஞ்சிருக்கும், தெரியுமா? காலு, கையி எல்லாம் நடுப்பொட்டியிலதான் மாட்டணும். இது எனக்கே தெரியும்."

"அப்ப நீ வந்து ஒட்டியிருக்கறது?" என்றாள்.

ஏப்ரல், மே இரண்டு மாதம் நகர்ந்தது பெரும்பாடு. ஆபீஸ் பியூன் வராந்தாவில் வந்தாலே கையில் இருப்பதை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். பெர்மனென்ட் போனால் போகிறது, இருக்கிற காண்ட்ராக்டும் போய்விட்டால் என்ன செய்வது? முந்திரிக் கொட்டகைக்குத் திரும்பிப் போகலாம் என்றால், தோப்பே இல்லை. மரம் மறுபடி வளர்ந்து காய்க்க எத்தனை வருஷமோ!

ஜூன் முதல் வாரம் கூப்பிட்டார்கள். நிர்வாகி காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். கெமிஸ்ட்ரி கலியமூர்த்தியை நிரந்தரம் ஆக்கியாயிற்று. இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் காண்ட்ராக்ட், இங்கே கையெழுத்து. அமிர்தம் போட்டாள். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. மூச்சு மட்டும் நெஞ்சில் இறங்காமல், அந்த வெட்டுக்கிளிக்கு மாதிரி வயிற்றிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி எதிரே வந்து, கையில் இனிப்புப் பொட்டலத்தோடு தயங்கி நின்றான். "எடுத்துக்கங்கக்கா," என்றான். எடுத்துக்கொண்டாள். அவன்மேல் என்ன தப்பு?

நந்தினி மேடம் அந்த வெட்டுக்கிளியைத் தூக்கிப் போடச் சொன்னார். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உறுத்தியதோ என்னவோ. அமிர்தம் மாட்டேன் என்றுவிட்டாள். மழை வந்து புல் தழைத்ததும் புதிதாக ஒன்றைப் பிடித்து, பதப்படுத்தி, முறையாக ஊசி குத்தி, பழையதன் பக்கத்திலேயே வைத்தாள்.

மறுவருஷமும் சோமசுந்தரமே தேர்வாளராக வந்தார். மேசைகளைச் சுற்றி வந்தவர் இரண்டு வெட்டுக்கிளிகளுக்கு முன்னால் நின்றார். குனிந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு இரண்டையும் சேர்த்து ஐந்தாம் நம்பராக வைக்கச் சொல்லி, கேள்வியை அவரே எழுதினார்: இவற்றில் எது தாண்டாது, ஏன்?

"எங்கிருந்து எண்ணணும்னு இப்ப தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"முக்காட்டுலேர்ந்துங்க சார்," என்றாள் அமிர்தம்.

கல்லூரிப் பெண்கள் பழையதற்கு அமிர்தம் அக்கா வெட்டுக்கிளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை, சொன்னால் முறைப்பாள். ஆனால் பாச்சை உருண்டை மாற்றும்போது முதல் உருண்டை அந்தப் பெட்டிக்குத்தான். அன்று தேர்வு மணி அடிக்கும்வரை, கறுத்த விரலின் நகத்தால் வெட்டுக்கிளியின் முக்காட்டிலிருந்து தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டே நின்றாள். அந்த வருஷக் கையெழுத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.